முப்பத்தோரு வெள்ளி தொண்ணூறு காசு

முதல் போத்தல் குலுக்கலில் விழுந்தது.
ஆலையின் ஆண்டு விருந்தில்
மின்விசிறிக்கு ஆசைப்பட்டுச் சீட்டைப் பிடித்திருந்த எனக்கு
வைன்.
ஆறு மாதம் ஐஸ்பெட்டியின் தலைமேல் வெந்து கிடந்தது,
ஊதுபத்திக் கட்டுக்கும் கரண்ட் பில்லுக்கும் நடுவில்.
திறக்கத் தெரியவில்லை.
குணசீலன் ஸ்க்ரூடிரைவரால் தக்கையை உள்ளே தள்ளினார்.
தேத்தண்ணி வடிகட்டியில் வடித்து
மைலோ கோப்பையில் குடித்தோம்.
"இருமல் மருந்து" என்றார்.
தன் பீருக்குத் திரும்பிப் போனார்.

நான் போகவில்லை.

பகலெல்லாம் ஆய்வுக்கூடத்தில்
செம்பனை எண்ணெயின் புளிப்பை அளக்கிறவள் நான்.
சொட்டுச் சொட்டாய் விட்டு
இளஞ்சிவப்பு தங்கியதும் குழாயை மூட வேண்டும்;
ஒரு சொட்டு கூடினால் கணக்கு கெட்டது.
அந்தக் கெட்டுப்போன போத்தலின் அடியிலும்
ஏதோ ஒன்று,
நாவல்பழம் தின்ற வாய் மாதிரி,
இருந்துவிட்டுப் போனது.

பகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஆ சியோங் கடை.
பால் டின், எலிப்பொறி, ரப்பர் செருப்பு,
மேல்தட்டில் தூசியோடு ஒன்பது வகை.
"எது நல்லது தவுக்கே?"
"எல்லாம் நல்லது. இது மலிவு."
நேர்மையான பதில்.
சீனப் பத்திரிகையில் சுற்றிக் கொடுத்தார்,
மாதவிடாய்ப் பஞ்சை எனக்குச் சுற்றித் தருகிற
அதே மரியாதையோடு.

சிலி நாட்டுச் சிவப்பு. லேபிளில் ஒரு சைக்கிள்.
திருகு மூடி. அதற்காகவே அந்த நாட்டைக் கும்பிட்டேன்.
அரை மணி நேரம் ஐஸ்பெட்டியில் வைத்தேன்.
அறைச் சூட்டில் குடி என்று சொன்னவன்
எங்கள் தகரக் கூரை அறைக்கு வந்ததில்லை.
அன்று லோகேஸ்வரி வீட்டில் காட்டுப்பன்றி வறுவல்.
மிளகு தொண்டையில் ஏறும்போது ஒரு மடக்கு.
இரண்டும் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டன,
சம்பந்தி வீட்டார் மாதிரி
முதலில் விறைப்பாய், பிறகு ஒரே இலையில்.
லோகேஸ்வரி எலும்பைக் கீழே வைத்துவிட்டு
"இன்னும் இருக்கா?" என்றாள்.

ஆய்வுக்கூட நோட்டின் கடைசிப் பக்கம் அன்றே நிரம்பத் தொடங்கியது:
சேவல் படம் – மறுநாள் தலைவலி.
நீல லேபிள் – பெயிண்ட்.
ஜெர்மன் வெள்ளை, இருபத்தெட்டு வெள்ளி –
நெத்திலி சம்பலோடு, ஐயோ.
தங்க எழுத்து, அறுபத்தைந்து – எழுத்துக்குத்தான் காசு.
ஒரு போத்தல் என்றால்
எனக்கு மூன்று மணி நேர ஓவர்டைம்.
அதைவிட நேரம் எடுத்துக் குடிப்பேன்.

மேனேஜர் மாற்றலாகிப் போனபோது
பங்களாவில் முன்னூறு வெள்ளி போத்தல் உடைத்தார்.
புகையிலை, தோல், ஈரமண் என்றார்.
நல்லதுதான். பொய் சொல்ல மாட்டேன்.
ஆனால் அதைக் குடிக்கையில்
எப்படி உட்கார்ந்திருக்கிறேன் என்று
பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

ஜூனில் சைக்கிள் நின்றுவிட்டது.
லாரி இனிக் கொண்டுவராதாம்.
மலிவான நல்லதெல்லாம் இப்படித்தான்,
நமக்கு ஒத்துவருகிற கிளினிக் டாக்டர்
சொல்லாமல் சிரம்பானுக்குப் போய்விடுவது போல.
வெறும் தட்டைப் பார்த்து நின்றேன்.
ஆ சியோங் குனிந்தார்.
அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒன்றை எடுத்தார்.
"லாஸ்ட். உனக்கு வச்சது."
விலையில் ஒரு காசு குறைக்கவில்லை.

தீபாவளிக்கு வைக்கலாம் என்று நினைத்தேன்.
ஐஸ்பெட்டித் தலையில் வெந்த அந்த முதல் போத்தல்
ஞாபகம் வந்தது.
அன்றைக்கே திறந்தேன்.
பருப்பு, கத்தரிக்காய்ப் பிரட்டல், பொரித்த அப்பளம்.

"என்ன விசேஷம்?" என்றார் குணசீலன்.
"செவ்வாய்க்கிழமை."
"செவ்வாயில போயா?"
"திராட்சை சைவந்தானே."

கொஞ்ச நேரம் என் கண்ணாடிக் குவளையையே பார்த்தார்.
எழுந்து போய்
மைலோ கோப்பையை எடுத்து வந்து நீட்டினார்.
உள்ளே பீர் நுரை இன்னும் காயவில்லை.

"கழுவிட்டு வாங்க" என்றேன்.