முப்பத்தெட்டாவது வரி

சூரமங்கலம் மெயின் ரோடு,
தட்டுவடை செட் வண்டிக்குப் பின்னால்
மூணு கம்ப்யூட்டர் உள்ள பிரவுசிங் சென்டர்.
மாதேஷ் அண்ணன் ஃபேனை என் பக்கம் திருப்பிவிடுகிறார்.
மணி நாலு முப்பத்தெட்டு.
ஐந்துக்குப் பூட்டிவிடுவார்கள்
விருப்பப் பட்டியலை.

விருப்பப் பட்டியல்.
அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள் இதற்கு.
நாற்பத்தொரு வரி.
முதல் ஒன்பது ஃபர்ஹானாவுடையவை.
அவள் நேற்றே பூட்டிவிட்டுப் போய்த் தூங்கிவிட்டாள்.
அடுத்த ஏழு கெமிஸ்ட்ரி மிஸ் சொன்னவை.
அதற்குக் கீழே மாமா.
மாமாவுக்கும் கீழே
மாமாவுடைய சிநேகிதரின் மகன்,
ஓசூரில் இருக்கிறானாம், நான் பார்த்ததே இல்லை,
அவனுக்கு ஐந்து வரி.
மிச்சமெல்லாம்
காலியாக விட மனசில்லாமல் விரல் தொட்டவை.

"உனக்குப் பிடிச்சதப் போடு சாமி" என்று
அப்பா சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.
இதைத்தான் போடணும் என்று சொல்லியிருந்தால்
அழுதிருப்பேன், சாப்பிடாமல் கிடந்திருப்பேன்,
அந்தச் சண்டையிலாவது
எனக்கு எது பிடிக்குமென்று தெரிந்திருக்கும்.

எனக்குப் பிடித்தது
தட்டுவடையில் பீட்ரூட் குறைத்து, காரச் சட்னி கூட்டி.
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம்.
அதற்கெல்லாம் கோடு நம்பர் கிடையாது.

முப்பத்தெட்டாவது வரி மட்டும்
யார் சொல்லியும் வரவில்லை.
மண்ணையும் பாறையையும் மேலிருந்து அளக்கிற படிப்பு.
ஜாகீர் அம்மாபாளையத்தில் எங்கள் மொட்டைமாடிக்கு ஏறினால்
சுரங்கத்து வெள்ளைக்கல் மேடு தெரியும்.
மழை பெய்த மறுநாள்
அது நாலு தெரு நடந்து கிட்டே வந்து நிற்கும்.
ஏன் என்று ஒரு தடவை கேட்டேன்.
யாரும் சொல்லவில்லை. நானும் விட்டுவிட்டேன்.
இதற்குப் பேர் விருப்பமா?
ஒரு மேட்டைப் பார்த்ததற்கு நாலு வருஷமா?

பூட்டு என்ற பொத்தானை அழுத்தினேன்.
ஆறு இலக்க எண்
அப்பாவின் போனுக்குப் போய்விட்டது.
அப்பாவின் போன் காக்கிச் சட்டைப் பையில்.
காக்கிச் சட்டை
நாலு மணி ஏற்காடு பஸ்ஸில், மலைமேல், எங்கோ ஒரு வளைவில்.
"தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்."

நாலு நாற்பத்து நாலு.
பட்டியலுக்குத் திரும்பினேன்.
முப்பத்தெட்டை இழுத்து இரண்டில் வைத்தேன்.
பூட்டினேன். தொடர்பு எல்லைக்கு வெளியே.
ஒன்றில் வைத்தேன்.
பயந்து பதினாலில் வைத்தேன்.
மறுபடி பூட்டினேன்.
மாதேஷ் அண்ணன் பார்க்காத மாதிரியே பார்க்கிறார்.

அந்த பஸ்ஸில் ஜன்னலோரம் போயிருக்கிறேன்.
ஒரு வளைவில் சேலம் இடது பக்கம் கிடக்கும்,
அடுத்த வளைவில் வலது பக்கம்.
ஏழு வயசு வரை
கீழே இரண்டு ஊர் இருப்பதாக நினைத்திருந்தேன்.

நாலு ஐம்பத்து மூணுக்கு போன்.
"சாமி, ஏதோ நம்பர் வந்திருக்குது.
ஒண்ணில்ல, மூணு. எதச் சொல்றது?"
"கடைசியா வந்ததுப்பா."
"கடைசின்னா மேலயா, கீழயா?"
எனக்குத் தெரியவில்லை.
பின்னால் யாரோ, கண்டக்டர், ஏரிக்கிட்ட நிக்குமா என்கிறார்கள்.
நிக்கும் நிக்கும் என்கிறார்
அதே மூச்சில்
டிக்கெட் நம்பரைச் சொல்வது போல்
ஒவ்வொன்றாக, ஆறு.

"சரியா இருக்குதா?"
எதைக் கேட்டார்?
"சரியா இருக்குதுப்பா" என்றேன்.

இரண்டு காப்பி, இருபது ரூபாய்.
பிரிண்டரின் சூடு காகிதத்தில் இன்னும் இருந்தது.
மேலிருந்து படிக்கத் தைரியம் வரவில்லை.
கீழிருந்து ஆரம்பித்தேன்.
நாற்பத்தொன்று.
நாற்பது.
முப்பத்தொன்பது.
முப்பத்தெட்டில்
வேறு ஏதோ இருந்தது.