கால் இல்லாமல் ஒரு கிலோ

பல்லடத்தில், தராசைத் துடைத்துக்கொண்டே
கடைக்காரர் கேட்டார்:
"கால் கிலோங்களா?"
"கால் இல்லாம ஒரு கிலோங்க. றெக்கை மட்டும்."
"நாய்க்குங்களா?"
"ஊட்டுக்காரருக்குங்க."

தோலை உரிக்க வேண்டாம் என்றதற்கு
இன்னொரு முறை என்னைப் பார்த்தார்.

குமரவேலுக்கு ராத்திரி வேலை.
பண்ணையில் விளக்கை அணைத்துவிட்டு
இருட்டில் குனிந்து
ஒரு கைக்கு நாலு உருப்படி,
காலைப் பிடித்துத் தலைகீழாய்த் தூக்கி
கூண்டில் திணித்து, எடை போட்டு, லாரி ஏற்றி...
விடியும்போது அவை வாளையாறு தாண்டியிருக்கும்,
இவர் வீட்டு வாசலில் கை கழுவிக்கொண்டிருப்பார்.

ஏழு வருஷத்தில் ஒருநாளும்
அவர் தட்டில் கால் துண்டு விழுந்ததில்லை.
ஒறம்பரை போன வீட்டில் மரியாதைக்கென்று வைத்தால்
என் தட்டுக்குத் தள்ளிவிடுவார்.
"கையிலயே இருக்குது அந்தச் சூடு."
அவ்வளவுதான் சொல்வார்.

அட்டாலியில் ஓர் ஓவன் கிடந்தது,
பனியன் கம்பெனி தீபாவளிக் குலுக்கலில்
செக்கிங் டேபிளுக்கு விழுந்த பரிசு.
ரேஷன் கார்டையும் கரண்ட் ரசீதுகளையும்
மூன்று வருஷம் பத்திரமாய் வைத்திருந்தது.
வெளியே எடுத்தேன்.

ஈரம் போக ஒத்தி எடுக்க
கட்பீஸ் துணிக்கா என் வீட்டில் பஞ்சம்?
உப்பு, மஞ்சள், தட்டிய பூண்டு,
மொளகாப்பொடி இரண்டு கரண்டி,
மூன்றாவதைக் கொஞ்சம் யோசித்து, போட்டேன்.
கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையைப் புளித்தண்ணியில் கரைத்து
வரமிளகாய் கிள்ளிக் காய்ச்சினால்
விரலில் கம்பி இழுத்தது.
அந்த மகிழ்ச்சியில்
முதல் நாலுக்கு எடுத்தவுடனே பாகைப் பூசி உள்ளே வைத்தேன்.

புகை.
மாடியிலிருந்து ரங்கநாயகி எட்டிப் பார்த்து
"ஏனுங், ஒயரு கருகுதா?"
"இல்லீங்க, சர்க்கரை."

கரித்துண்டு நாலையும் தாளில் சுற்றி
குப்பைக்கு அடியில் புதைத்தேன்.
மீதி எட்டை வெறுமனே வேகவிட்டேன்.
கொழுப்பு உருகிச் சொட்ட, தோல் மொறுமொறுவென்று ஏறியது.
கடைசிப் பத்து நிமிஷம் மட்டும் பாகு.
ஷேடு கார்டில் இருந்திருந்தால்
அந்தச் சிவப்புக்கு நம்பர் சொல்லியிருப்பேன்.

பொழுதோட எழுந்து வந்தவர்
தட்டைப் பார்த்ததும் எண்ணினார்.
பழக்கம்.
"எட்டு றெக்கை. நாலு உருப்படி.
ஒரு கைப்பிடி."

நான் மூச்சுவிடவில்லை.

ஒன்றை எடுத்தார்.
மூட்டில் திருகி, எலும்பை உருவி, மென்றார்.
பாகு முதலில் ஏமாற்றும், காரம் பிறகுதான் வரும்.
நகம் கிழித்த கோடுகள் அவர் விரலெல்லாம்;
காரம் அங்கே இறங்கியது
உஸ்ஸென்று உதறியதில் தெரிந்தது.
கழுவப் போகவில்லை.
உதறி, உதறி, அடுத்ததை எடுத்தார்.

ஆறாவதில் போன் வந்தது.
"எட்டு மணிக்குப் பிடிப்பு, சித்தெ வெரசா வரச் சொல்றாங்க."
மிஞ்சிய இரண்டை டப்பாவில் போட்டுக் கொடுத்தேன்.
எனக்கு என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை,
எனக்கும் பிறகுதான் தோன்றியது;
பாத்திரத்தில் ஒட்டிய பாகை
சோற்றோடு வழித்துத் தின்றேன்.

காலையில் டப்பா வந்தது.
"பசங்க ஆளுக்கொரு கடி. இதென்ன பறவைண்ணானு கேட்டானுக."
"என்ன சொன்னீங்க?"
"எனக்கும் தெரியாதுன்னேன்."

மூடி பாகில் ஒட்டித் திறக்க வரவில்லை.
வெந்நீரில் போட்டுவிட்டு
ஏழே முக்கால் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினேன்.