அல்லது

நவம்பரில் தாலின் நகரத்துக்கு
மூன்றரை மணிக்கே இருட்டு.
அருங்காட்சியகத்தின் இரண்டாம் மாடியில்
நாட்டின் நூறு ஆண்டுகளைக்
காகிதமாக விரித்து வைத்திருந்தோம்:
தீப்பெட்டிப் படங்கள், மீன் டப்பா மூடிகள்,
குடித்துவிட்டு டிராக்டர் ஓட்டுபவனை நோக்கி
விரல் நீட்டும் சுவரொட்டி,
யாரோ பாதி கடித்த பேருந்துச் சீட்டு.

ஒவ்வொன்றின் கீழும் நாலு வரி எழுதுவது
என் வேலை.
ஆண்டு. அச்சகம். அளவு. பெயர்,
பெயர் இருந்தால்.

நூற்றுப் பதினெட்டுக்கு இல்லை.
வெண்ணெய் சுற்றும் தாள், இருநூறு கிராம்,
மஞ்சள் கட்டங்கள், நடுவில் நீலமாய் மூன்று எழுத்து.

எங்கள் மொழியில் வெண்ணெய்க்கு அவ்வளவுதான்.
வுய்.
அதே மூன்று எழுத்துக்கு
‘அல்லது’ என்றும் பொருள்.
ரொட்டியில் தடவினால் வெண்ணெய்,
இரண்டு ஆசைகளுக்கு நடுவே வைத்தால் அல்லது.
குழந்தைகள்கூடக் குழம்புவதில்லை.

வடிவமைத்தவர்: தெரியவில்லை
என்று எழுதி
அடுத்த சோப்பு உறைக்குப் போய்விட்டேன்.

திறந்து ஒன்பதாம் நாள், கட்டணமில்லாத புதன்கிழமை,
காலணியில் பனிச்சேறு சொட்ட
ஒரு பெண் என் மேசைக்கு வந்தார்.
எண்ட்லா ரோசிமே.
‘தெரியவில்லை என்று போட்டிருக்கிறீர்களே,
அது நான்தான்’ என்றார்,
தொலைந்த குடையைக் கேட்டு வந்தவர் போல.

ஆதாரம்?
இல்லை.
சம்பளச் சீட்டு?
பால் கூட்டுறவுச் சங்கமே இல்லை, சீட்டுக்கு எங்கே போவேன்.
மூல ஓவியம்?
வீடு மாறும்போது ஜாடிகளுக்கு இடையே
பொதிந்து கொடுத்தாயிற்று.

பிறகு குரலைத் தாழ்த்தினார்.
‘அந்த அலையைப் பாருங்கள்.’

நடு எழுத்தின் தலையில் ஓர் அலை உண்டு.
அது இல்லாவிட்டால் வெண்ணெயும் இல்லை, அல்லதும் இல்லை.
வெளியூரிலிருந்து வந்த எழுத்துத் தாளில்
லத்தீன் எழுத்தெல்லாம் இருந்தன,
எங்கள் அலை மட்டும் இல்லை.
வெள்ளிக்கிழமை மாலை. திங்கள் அச்சு.
அவர் சிறிய ‘எஸ்’ ஒன்றைக் கத்தரித்து
வட்டத்தின் மேல்
படுக்கப் போட்டிருக்கிறார்.

‘படுக்கவைத்த எஸ் எந்தப் பக்கம் வளையும்,
யோசித்துப் பாருங்கள்.
அலை முதலில் எழும்பித்தான் இறங்க வேண்டும்.
என்னுடையது இறங்கிவிட்டு எழும்பும்.
தாளைக் கவிழ்த்தால் வெள்ளை முதுகுதானே தெரியும்,
அதனால் அப்படியே ஒட்டிவிட்டேன்.
பதினோரு வருடம் அச்சானது.
ஒருவரும் கேட்கவில்லை.
நான் மட்டும் வேறு கடையில் வெண்ணெய் வாங்கினேன்.’

கண்ணாடிப் பெட்டியைத் திறந்து
லென்ஸ் வைத்துக் குனிந்தேன்.
இறங்கி, எழும்பியது.
முப்பது வருடமாக
எழுத்துகளைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன்.
சிறுவயதில் இந்தத் தாளை
நக்கியும் இருக்கிறேன்.

இயக்குநர் டார்வோ ஒப்பவில்லை.
‘தவறைக் கண்டவர் எல்லாம்
தவறைச் செய்தவர் ஆகிவிட முடியாது’ என்றார்.
அதுவும் சரிதான்.
இரண்டு கூட்டம் நடந்தது, ஒரு தட்டு பிஸ்கட் தீர்ந்தது,
கடைசியில் சட்ட ஆலோசகர் சொன்ன வாசகத்தைப்
புதிதாக அச்சடித்து ஒட்டினேன்:

வடிவமைத்தவர்: தெரியவில்லை அல்லது எண்ட்லா ரோசிமே.

அடுத்த புதன் வந்தார்.
கண்ணாடியை மூக்கில் ஏற்றி
எங்கள் மொழியில் அதை வாய்விட்டுப் படித்தார்.
தெரியவில்லை, வுய், எண்ட்லா ரோசிமே.
இன்னொரு முறை படித்தார்.
தெரியவில்லை. வெண்ணெய். எண்ட்லா ரோசிமே.

காவலர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச்
சிரித்தார்.
பிறகு என் எழுத்தின் மேல் விரல் வைத்து,
‘உங்கள் அலை சரியாக இருக்கிறது’ என்றார்,
லேசான ஏமாற்றத்தோடு.