பழப்பாகு

அந்தப் புத்தகத்தில் ஜாம் என்ற சொல்லே இல்லை.
மொழிபெயர்த்தவர் யாரோ
பழப்பாகு என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்.
அதனால் பதினொரு வயதுவரை எனக்கு
உலகத்தில் இரண்டு பண்டங்கள்.
ஒன்று, மளிகைக்கடை அலமாரியில் சிவப்பாய் நடுங்குவது.
எந்தப் பழம் அண்ணே என்று கேட்டால்
கடைக்காரருக்குக் கோபம் வரும்.
மற்றது,
பனி மூடிய வீட்டில் முள்ளெலிக் குடும்பம்
மரக்கரண்டியால் வழித்து
வெந்நீரில் கலக்கிக் குடிப்பது.

படம் வெறும் கோடுதான்.
நீடாமங்கலம் கிளை நூலகத்துப் பிரதியில் மட்டும்
எனக்கு முன்னால் படித்த யாரோ
ஜாடிக்குள் ஊதா மை தீட்டியிருந்தார்கள்.
கோட்டுக்குள் நிற்கவில்லை மை.
குட்டி முள்ளெலியின் மூக்கிலும் கொஞ்சம்.

முள்ளியாற்றில் தண்ணீர் வந்த வாரம்
திருத்துறைப்பூண்டி பேருந்து நிலைய வாசலில்
நாவற்பழம் கூறு முப்பது ரூபாய்.
இரவுப் பணி முடிந்து வந்தவள்
ஏழு கூறு வாங்கினேன்.
'இவ்வளவுமா? தொண்டை கட்டிக்கும்மா' என்றாள் விற்றவள்.
அந்த மையின் நிறம் இது என்று
அவளிடம் எப்படிச் சொல்வது?

ஆஸ்பத்திரிக் கையுறை போட்டுக்கொண்டு
கொட்டை பிதுக்கினேன்.
அறைத்தோழி ஜெசிந்தா எழுந்து வந்து பார்த்து
'யாருக்கு ஆபரேஷன்?' என்றாள்.
பழத்துக்கு முக்கால் பங்கு சர்க்கரை.
இரண்டு எலுமிச்சை.
இறுகுவதற்கென்று அரைப்பழமாய் ஒரு கொய்யா.
குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு
விரலால் கோடு கிழிக்க வேண்டும்.
கோடு மூடிக்கொண்டால் இன்னும் ஆகவில்லை.

மூடிக்கொண்டது.
மறுபடி கொதிக்கவைத்து, மறுபடி கிழித்து,
மறுபடியும் வாய்க்கால் உடைந்ததுபோல் ஓடி வந்து
மூடிக்கொண்டது.
வீட்டுக்காரரின் மகன் செம்பியன் வந்து
'எங்கம்மா அடிப்பிடிக்கிற வாசனை வருதுன்னாங்க' என்றான்.
திரும்பிப் பார்ப்பதற்குள் பொங்கி
அடுப்பு, சுவர், கேஸ் குழாய், என் வலது கால்.
கொப்புளத்துக்கு மருந்து தடவியபடி ஜெசிந்தா
நான்காம் தட்டில் தானே கோடு கிழித்தாள்.
நின்றது.

நாலு ஹார்லிக்ஸ் பாட்டில்.
பிளாஸ்திரி ஒட்டி, தேதி போட்டு,
பழப்பாகு என்று எழுதினேன்.
கீழே அவள் எழுதினாள்:
நன்றாகக் குலுக்கிய பின் உபயோகிக்கவும்.

முள்ளெலிகள் அதைக் குளிர்காலத்துக்கு வைத்திருந்தன.
எங்கள் பக்கம் குளிர்காலம் ஏது?
மார்கழியில் காதைக் கட்டிக்கொண்டு
டீ குடிப்பதோடு சரி.
எதற்குச் சேர்த்து வைக்க என்று தெரியாமல்
ஆளுக்கொன்று கொடுத்துவிட்டேன்:
செம்பியன் வீட்டுக்கு ஒன்று,
எக்ஸ்ரே எடுக்கும் தமீமுக்கு ஒன்று.
அம்மாவுக்கு அனுப்பியது
பேருந்திலேயே உடைந்து போயிற்று.

கடைசி பாட்டில் பரணில் கிடந்தபோதுதான்
கார்த்திகையில் அந்தப் புயல்.
ஆறு நாள் மின்சாரம் இல்லை.
பால் இல்லை, காய் இல்லை,
வார்டில் ஜெனரேட்டர் மட்டும் இருமிக்கொண்டிருந்தது.
பதினெட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து
இருவரும் ஈரத் தலையோடு உட்கார்ந்தோம்.
தென்னை விழுந்து
சன்னல் திறக்கவில்லை.
ஜெசிந்தாதான் பரணில் கைவிட்டாள்.

மரக்கரண்டி இல்லை, தோசைக்கரண்டிதான்.
வெந்நீரில் கலக்கினோம்.
கொஞ்சம் துவர்ப்பு, கொஞ்சம் கருகல்,
அடியில் எங்கோ கொய்யா.
'இருமல் மருந்து மாதிரி இருக்கு' என்றாள்.
இன்னொரு டம்ளர் ஊற்றிக்கொண்டாள்.

இருபது வருடமாய் நான் நினைத்திருந்த ருசி
இதுவல்ல.
அது என்னவென்றும் இப்போது நினைவில்லை.
செல்போனில் மிச்சமிருந்த மூன்று சதவீதத்தில்
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
அவளுக்கு நாக்கு, பல், உதடு,
எப்படியோ
மூக்கிலும் கொஞ்சம்.