கால்கள் மட்டும்

தேமா துறைமுகத்தில் என் வேலை
பெட்டியைத் திறந்து எடை எழுதுவது.
குளிர் புகைந்து வெளியேறி
கண் தெளிந்ததும் உள்ளே பார்ப்பேன்:
கால்கள்.
இருபத்தேழு டன் கோழிக்கால்கள்.
தலை கிடையாது, சிறகு கிடையாது,
நெஞ்சு இல்லவே இல்லை.

நெஞ்சுதான் பிடிக்குமாம் அந்த ஊர்க்காரர்களுக்கு.
அதிலேயே போட்ட பணமும் லாபமும் வந்துவிட
மிச்சம் கடலில் நடந்து வருகிறது,
கிடைத்த விலைக்கு.

ஒப்பந்தத்தைப் படித்திருக்கிறேன்.
பதவி உயர்வுத் தேர்வுக்கு அதுதான் பாடம்.
‘சமமான ஆடுகளம்’ பக்கத்துக்குப் பக்கம் வரும்.
அவர்கள் உழவருக்குத் தரும் மானியம் மட்டும்
பச்சைப் பெட்டி, நீலப் பெட்டி என்று
சாயம் பூசி அடிக்குறிப்பில் இருக்கும்.
அந்தப் பெட்டிகளைத் திறக்க
எனக்கு அதிகாரம் இல்லை.

டோர்மாவில் அக்கா தாச்சிவா
நாலாயிரம் கோழி வளர்த்தாள்.
தீவனச் சோளம் செரெமேயின் காட்டிலிருந்து.
குஞ்சு கோழியாக அவள் செய்த செலவைவிட
கடல் தாண்டி வந்த கால் மலிவு.
வங்கிக்காரர் கணக்கைப் பார்த்துவிட்டு
‘உங்களுக்குத் திறன் போதவில்லை’ என்றார்.

அக்ராவில், ஒரு ஹோட்டலில், கருத்துக் கேட்புக் கூட்டம்.
பேச வந்தவர் நல்ல மனிதர்.
வாங்குகிறவருக்கு லாபம் என்று
ஏறும் கோடு ஒன்றைத் திரையில் காட்டினார்.
பொய் என்று சொல்ல மாட்டேன்.
மாதக் கடைசியில் என் வீட்டுக் குழம்பில்
கிடப்பதும் அந்தக் கால்தான்.
தாச்சிவா கை தூக்கினாள்.
நேரமாகிவிட்டது, சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்றார்கள்.
சாப்பாட்டில் நெஞ்சுக்கறி.
முள்கரண்டியால் புரட்டிப் பார்த்து,
“ஓ, இங்கேதான் இருக்கிறதா?” என்றாள்.
நான் மட்டும் சிரித்தேன்.
பிறகு நானும் நிறுத்திவிட்டேன்.

இப்போது அவள் கொட்டகையில்
இரண்டு உறைபெட்டிகள் ஓடுகின்றன.
கால் விற்கிறாள்.
மின்சாரம் போகும் இரவுகளில் அவை கசிந்து
தரை நனைய,
மண்ணில் ஊறிக் கிடக்கும் பழைய எச்சம்
மறுபடி நாறும்.
செரெமே காட்டை விற்றுவிட்டு
குமாசியில் வாடகைக்கார் ஓட்டுகிறான்.
அவனுக்கும் மதியத்துக்குக் கால்தான்.

போன வாரம் எங்கள் அலுவலகத்துக்குப்
புதிய ஒப்பந்தம் வந்தது, பளபளப்பான அட்டையோடு.
அட்டையில் கைகுலுக்கும் படம்.
கைகள் மட்டும்.
மணிக்கட்டுக்கு மேலே சுத்தமாக வெட்டியிருந்தது.
வேலைப் பழக்கத்தில்
எடை எங்கே போட்டிருக்கிறது என்று தேடினேன்.