கல் நீங்கலாக

லியபாயா துறைமுகம். பிப்ரவரி.
டிராமின் கடைசி நிறுத்தத்துக்கு எதிரே
என் அடகுக்கடை ஜன்னலில்
உட்புறமும் பனி.

விஸ்மா ஸ்ட்ரௌமே என்று கையெழுத்திட்டாள்.
மத்தி மீன் டப்பா ஆலையின் நீல மேலங்கி.
காலரிலிருந்து கழற்றியபடியே நீட்டினாள்:
காடை முட்டையளவு அம்பர்,
சுற்றிலும் இரட்டை முறுக்குக் கம்பி,
முறுக்குக்குள் கடுகு கடுகாய் வெள்ளி மணிகள்,
கந்தகம் காட்டிக் கறுக்கவிட்ட பள்ளங்கள்.
பின்புறம் நட்சத்திரம், 875.

"முழுசாக எவ்வளவு?"

முழுசாக என்று எங்கள் ஏட்டில் பத்தியே கிடையாது.
வெள்ளிக்குத்தான் விலை.
தராசில் அம்பர் உப்புக்குச் சப்பாணி;
உப்புநீரில் விட்டால் மிதக்கும்,
அவ்வளவுதான் அதன் கனம்.
"கல்லைப் பெயர்க்க வேண்டும்."
அவள் தன் கையுறையைப் பார்த்தாள்.
அதற்குள் மடிந்திருந்தது
கணப்புக்குக் கட்டவேண்டிய பில்.
"பெயருங்கள்."

பதினோரு பற்கள். பத்து வளைந்தன.
பதினொன்றாவதை
செய்தவன் ஏதோ கோபத்தில் மடித்திருக்க வேண்டும்,
என் கட்டைவிரலைக் கிழித்த பிறகே விட்டது.
கம்பளிச் சட்டையில் உரசி வெளிவந்த கல்
மேசையில் கிடந்த ரசீதுத் துணுக்கு ஒன்றை
இழுத்து ஒட்டிக்கொண்டது.

குழியில், கல் இருந்த இடத்தில்,
சாக்லேட் சுற்றிய ஈயத்தாள்.
நகத்தால் நீவி நீவிச் சமன்செய்து
நீள்வட்டமாகக் கத்தரித்தது.
ஓரத்தில் சிவப்பு மையில் பாதி அணில்.

"இத்தனை வருடமும்
நான் நெருப்பென்று நினைத்தது
இதையா?"
சிரித்தாள். இருமினாள். மறுபடி சிரித்தாள்.
ஒரு கல்யாணத்துக்கு, இரண்டு சாவுக்கு,
ஒருமுறை நீதிமன்றத்துக்கும்
குத்திக்கொண்டு போயிருக்கிறாள்
இந்த அணிலை.

யாரோ சாக்லேட்டைத் தின்றிருக்கிறான்.
தாளைக் கசக்கப் போனவன்
விளக்கடியில் ஒருமுறை திருப்பிப் பார்த்திருக்கிறான்.

நான் எழுதினேன்:
வெள்ளி, பதினான்கு புள்ளி இரண்டு கிராம்.
கல் நீங்கலாக.

"தாளும் எனக்குத்தான்."
ஏட்டில் அதற்கும் பத்தியில்லை. கொடுத்தேன்.

பின்னால் தாள் இல்லாத கல்
வெறும் ஆறிய தேநீர்.
அவள் அதைக் கண்ணருகே பிடித்து
கண்ணாடித் தடுப்பின் வழியே என்னைப் பார்த்தாள்.
"பரவாயில்லை,
இப்படிப் பார்த்தால் உங்களுக்குக்கூடக்
கொஞ்சம் ரத்தம் ஓடுகிறது."

டிராம் மணி அடித்தது. போய்விட்டாள்.

ரத்தம் ஓடியது கட்டைவிரலில்.
வாயில் வைத்தேன்:
வெள்ளி, உப்பு,
எங்கோ பைன் பிசின்.