பதினேழாவது சுற்று

வால்டிவியாவில் மழை பெய்கிறது என்று யாரும் சொல்வதில்லை.
பெய்யாத அன்றுதான் சொல்வார்கள்.
மருத்துவமனையின் நிலவறையில்
பழைய மின்பலகையைத் திறந்து வைத்து நிற்கிறோம்,
நானும் நிபால்டோ கார்காமோவும்.

வரைபடத்துக்கு என்னைவிட வயது அதிகம்.
பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு மையில் வரைந்தது.
அதிலுள்ள சுவர்களில் பாதி இப்போது இல்லை,
இப்போதுள்ள சுவர்களில் பாதி அதில் இல்லை.
இயங்கும் மருத்துவமனையைப் புதுப்பிப்பது
ஓடுகிறவனை நிறுத்தாமல் செருப்பு மாற்றிவிடுவது.

அறுவை அரங்குக்கு நான் வரைந்த மின்சாரம்
பூமியோடு பேச்சை முறித்துக்கொண்டது.
தனி மின்மாற்றி, தனிக் கம்பிகள்.
ஏதோ ஒரு கம்பி நழுவி உலோகத்தைத் தொட்டால்
விளக்கு அணையாது.
சுவரில் மஞ்சளாக ஒரு புள்ளி எரியும், மணி முனகும்:
பிழை ஒன்று நடந்திருக்கிறது,
தையலை முடித்துவிட்டு வாருங்கள்.
இரண்டாவது பிழைக்குத்தான் தண்டனை.
இந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க நேரமே ஆகவில்லை.
நிலத்தை நம்பாதே என்பது
இங்கே பால்பல்லோடு முளைக்கிறது.

ஆனால் பதினேழு.
பதினாறுக்குப் பெயர் உண்டு: சலவை.
பதினெட்டுக்கும் உண்டு.
பதினேழின் சீட்டை எலியோ ஈரமோ தின்றிருந்தது.
மீட்டரை மாட்டினால் பூஜ்யம் புள்ளி நான்கு ஆம்பியர்,
பகலிலும் இரவிலும் அதே அளவு,
தூங்குகிறவரின் மூச்சு போல.
மூன்று வாரம் தேடினோம். கூரையைப் பிரித்தோம்.
ரத்த வங்கியின் குளிர்பெட்டிகளைக்கூட ஒவ்வொன்றாக எண்ணினோம்.
"வெட்டிவிடுங்கள்" என்றார் ஒப்பந்தக்காரர்.
எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், வெட்டுகிறேன் என்றேன்.
அதற்குமேல் அவர் பேசவில்லை.

இன்று அதிகாலை மூன்று பத்து.
மாடிக்கு ஒருவர், கையில் வாக்கிடாக்கி.
நிபால்டோ இடுக்கியோடு சேர்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.
அணைத்தேன்.
டக்.

முதல் மாடி, ஒன்றுமில்லை.
இரண்டாம் மாடி, ஒன்றுமில்லை.
இருபது நிமிடம்
குழாயில் மழை இறங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.
பிறகு மூன்றாம் மாடியிலிருந்து செவிலி ரயென்:
"குழந்தைகள் எல்லாம் நலம்.
ஆனால் ஒருத்தர் எழுந்துட்டார்."

குறைமாதக் குழந்தைகள் வார்டின் வாசலில் ஒரு மரப் பெஞ்சு.
கொரால் துறையில் படகு வேலை பார்க்கிற மனிதர்,
பெயர் எலியோடோரோ,
கோட்டைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.
உள்ளே அவர் மகள், தொள்ளாயிரத்து நாற்பது கிராம்.
"பெஞ்சு செத்துப்போச்சு" என்றார்.

பலகைக்கு அடியில் கைவிட்டேன்.
மரத்தின் நிறத்திலேயே சாயம் பூசிய தகரம்.
உள்ளே சுருண்டு கிடந்தது வெப்பக் கம்பி,
இன்னும் கொஞ்சம் சூடு மிச்சம் வைத்து.
யார் வைத்தது, எந்த உத்தரவில், எந்தக் குளிர்காலத்தில்,
ஒரு தாளும் சொல்லவில்லை.
"பின்னால பாய்லர் குழாய் போகுதுன்னு நினைச்சோம்" என்றாள் ரயென்,
பதினெட்டு வருடமாக இங்கே இருப்பவள்.
பின்னால் எந்தக் குழாயும் இல்லை.

ரப்பர் உறை விரலில் பொடியாக உதிர்ந்தது.
நிலத்தொடர்பு கிடையாது.
இத்தனை காலம் அது ஒருவரையும் கொல்லாதது
யாருடைய தயவென்று தெரியவில்லை.
மறுபடி ஏற்றவில்லை.
ரயென் வெந்நீர்ப் பை கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.
நான் அவர் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கினேன்.

புதிய வரைபடத்தில் பதினேழை வரைந்தேன்,
கசிந்தால் கண்ணிமைக்குமுன் அறுத்துவிடும் காவலோடு.
சாதாரணப் பக்கமா, ஜெனரேட்டர் பக்கமா?
ஜெனரேட்டர்.
காரணம் என்ற கட்டத்தில்
'உள்ளே விடப்படாதவர்கள்' என்று எழுதினேன்,
அழித்துவிட்டு
'எண்பத்தெட்டு வாட்' என்று எழுதினேன்.

நிபால்டோ புதுப் பலகையில் பெயர்ச்சீட்டு ஒட்டுகிறார்.
பெஞ்சு என்பதில் ஓர் எழுத்து விட்டிருக்கிறது.
திருத்தி ஒட்டச் சொன்னேன்.
முணுமுணுத்துக்கொண்டே உரிக்கிறார்.